சீனியில்லாத தேத்தண்ணிக்குத் தூக்கிய கை

எங்கள் தலைவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போகப் போக இதைச் சொல்ல இடம் கிடைக்குமோ தெரியாது. பனி கொட்டுகிற நாளில் யாருக்காவது டொக்டரிடம் போக வேண்டியிருந்தால் தன்னுடைய காரைச் சூடாக்கி வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துவார். என் அரிசிப் பையை ஒன்பதாம் மாடி வரை எத்தனையோ தடவை கொண்டுவந்து தந்திருக்கிறார். "அக்கா, உதையெல்லாம் நீங்கள் தூக்கக்கூடாது" என்பார். அவருக்கு இடுப்பு வருத்தம். பையை வைத்துவிட்டு நிமிரும்போது அவருடைய முகம் போகிற போக்கைப் பார்த்தால், பேசாமல் நானே தூக்கியிருக்கலாம் என்று தோன்றும்.

ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்து டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு விடுகிற அறை ஒன்று உண்டு. புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அது எங்களுடையது. முதியோர் ஒன்றியம் என்று பெயர்; அதற்குத்தான் அவர் தலைவர். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் சேர்த்து முப்பது பேர் வரையில் வருவோம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அப்படி இருக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலைச் செருகுகிற பிளக் பின்சுவரில் இருந்தது. கேத்தில் இருந்த பக்கம் நாங்கள் இருந்தோம்.

பத்து வருடமாக அங்கே போய்வருகிறேன்; கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. வெட்கம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பலர் முன்னால் எழுந்து பேசுவதென்றால் வாய்ப்பாடு சொல்லக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்த அறையில் வாய் திறக்காமலே எல்லா அலுவலும் நடந்தது. தேத்தண்ணிக்குக்கூட வாய் தேவையில்லை. எங்கள் செயலாளர் ஊரில் படிப்பித்தவர். எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பதினொன்றரைக்கு அவர் பேனையோடு எழுந்து நிற்பார். முதலில் சீனி போட்ட தேத்தண்ணி வேண்டியவர்கள் கை தூக்குவார்கள். இரண்டாவதாகச் சீனி வேண்டாதவர்கள். பின்வரிசையில் இருக்கிற எங்கள் எல்லாருக்கும் சீனி வருத்தம், நீரிழிவு. ஆகவே முதல் தடவை சும்மா இருப்போம், இரண்டாம் தடவை தூக்குவோம். ரீச்சர் சொல்வதைக் கேட்பதுகூட இல்லை. கதை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கை தன்பாட்டில் எழும்பும்.

என் பக்கத்துக் கதிரை என் சிநேகிதியுடையது. என்னைவிட எட்டு வயது இளையவள். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள், வழக்கு இன்னும் எடுக்கவில்லை. தமையனுடைய மகள் வீட்டில் நிலத்துக்குக் கீழேயுள்ள பேஸ்மென்ற் அறையில் இருந்துகொண்டு சமையலும் பிள்ளைகளும் என்று ஓடித் திரிகிறாள். புதன்கிழமை ஒன்றுதான் அவள் வெளியே வருகிற நாள். "ஒன்றியத்துக்குப் போறன்" என்றால் அந்த வீட்டில் யாரும் மறுத்துச் சொல்ல மாட்டார்கள். ஒன்றியம் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. "ஒரு வயது போன மனுசியோடை கதைக்கப் போறன்" என்று சொன்னால், "அதுக்கேன் குளிருக்கை போறியள், போனிலை கதையுங்கோவன்" என்று முடித்துவிடுவார்கள். அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

இனித் தலைவருடைய நோயைச் சொல்ல வேண்டும். அது கைத்தொலைபேசியில்தான் தொற்றியது. கழுத்துப் பட்டி கட்டிய மனிதர்கள் மேசையில் குத்திக் கத்துகிற வீடியோக்கள். ஒருவர் இங்கேயுள்ள ஒரு சின்னக் கட்சிக்காரர். மற்றவர்கள் வேறு வேறு நாடுகளில் உள்ள பெரிய கட்சிக்காரர்கள். எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள்: நாடு நிரம்பிவிட்டது, வந்தவர்களால் எல்லாம் கெட்டுப்போயிற்று, கதவைச் சாத்த வேண்டும். சில இடங்களில் அப்படிப்பட்டவர்கள் ஆட்சிக் கதிரையில் ஏறியும் விட்டார்கள். ஏறினபிறகு ஒருவர் நீதவான்களோடு சண்டை பிடித்துக் கொழுவுகிறார், இன்னொருவர் பத்திரிகைக்காரரோடு கொழுவுகிறார். தலைவர் அதையெல்லாம் தன் மகனுக்கு வேலை கிடைத்த மாதிரிச் சந்தோசமாகச் சொல்லுவார்.

"பாத்தியளே அக்கா, ஒருத்தன் வந்து எல்லாத்தையும் நேராக்கிப்போட்டான்."

எனக்கு வீடியோ அனுப்பிவிட்டுப் பிறகு வந்து "பாத்தனீங்களோ?" என்று கேட்பார். நான் "ஓம், நல்ல சத்தமாய்க் கதைக்கிறார்" என்பேன். பொய் இல்லை.

தலைவர் இங்கே வந்த கதை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். வேறு யாரோ ஒருவருடைய பாஸ்போட்டில் வந்தவர். படத்தில் இருந்தவருக்கு அடர்ந்த தாடி. தலைவருக்கு அந்த நாளில் மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை. அதை அவரே வருடத்துக்கு இரண்டு தடவை சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். பிறகு ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, "இப்ப வாறவை ஒழுங்கான வழியிலை வாறேல்லை" என்பார். அந்த ஒரு வாய் தேத்தண்ணிக்குள் நாற்பது வருடம் போய்விடும்.

ஒரு நாள் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை வாசலில் அவரும் நானும் காருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். கொடி கட்டிய பெரிய பிக்கப் வண்டி ஒன்று மெதுவாக வந்தது. அதிலிருந்தவன் கண்ணாடியை இறக்கி, உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டுப் போனான். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும். தலைவர் கத்தரிக்காய்ப் பையைக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"அது எங்களுக்கில்லை அக்கா. பின்னாலை நிண்டவைக்குச் சொன்னவன்."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தள்ளுவண்டில்கள்தான் வரிசையாக நின்றன.

இன்னொரு புதன் அந்தச் சின்னக் கட்சியின் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்தார். ரீச்சர் அதை வாங்கித் தமிழில் சொன்னார். பிள்ளைகள் தாய் தகப்பனை இங்கே கூப்பிடுகிற வழியை அடைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அறையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த வழியால் வந்தவர்கள். என்னை என் மகள் கூப்பிட்டாள். தலைவருடைய மாமியாரை அவரே கூப்பிட்டவர்.

"தலைவர், இது எங்களைத்தானே சொல்லுது?" என்று ரீச்சர் கேட்டார்.

"இல்லை இல்லை, இனி வாறவையை."

"நாங்கள் இனி வரத் தேவையில்லை, வந்திட்டம் என்ன?" என்றார் ரீச்சர். தலைவருக்கு அந்தக் கேலி பிடிபடவில்லை. "அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார்.

இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் இருந்தோம். அது எங்கள் அறைக்குள் எப்படி வந்தது என்று இப்போது யோசித்தால், மெல்ல மெல்ல, எங்களுக்கு நல்லது செய்துகொண்டே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போன கூட்டத்தின் குறிப்பை வாசிக்கிறதைத் தலைவர் நிற்பாட்டினார். நேரம் மிச்சமாகும் என்றார். மிச்சமாகத்தான் செய்தது, அந்த நேரத்தில் பிங்கோ விளையாடினோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுத் தலைவரைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்த நேரம் வந்ததும், "இப்ப மாத்தினால் வேலையள் குழம்பும், எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார். பேசாமல் இருந்தோம். எங்களிடத்தில் பெண் பார்க்க வந்தாலும் பேசாமல் இருப்பதுதானே சம்மதம். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற ஒரு ஐயா இருந்தார். அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை வரவேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் வராமலே போய்விட்டார். நான் கவலைப்பட்டேன் என்று எழுத விருப்பம்தான். அவர் இல்லாமல் கூட்டம் நேரத்துக்கு முடிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

நாங்கள் விட்டு வந்த நாட்டிலும் சட்டம்தான் முதலில் வந்தது. ஆட்கள் கூடுதலாக இருந்த பக்கம் கை தூக்கியது, எங்கள் மொழி பின்வரிசைக்குப் போயிற்று. நான் அப்போது சின்னப் பிள்ளை. அதன் பிறகு நடந்ததெல்லாம் வளர்ந்த ஆளாக நின்று பார்த்தவள். அப்படிப்பட்ட நான் பிங்கோ அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மாதக் கடைசியில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கு விசயங்கள் கூடுதல். பதினொன்றரை தாண்டியும் தேத்தண்ணிக்குக் கேட்கவில்லை. முன்னால் தலைவர் போனைப் பார்த்து எதையோ நீளமாக வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் கேத்தில் இரைந்துகொண்டிருந்தது. என் சிநேகிதி தமையனுடைய பேரன் பிட்டை எப்படித் தட்டோடு தள்ளிவிட்டு மக்ரோனி கேட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிட்டுக்கு மேல் சீஸைத் தூவி, இதுவும் மக்ரோனிதான், உருண்டை மக்ரோனி என்று சொல்லி வாயில் தீத்திவிட்டாளாம். நாங்கள் ஏழெட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

முன்னால் ஏதோ கேட்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. திரும்பவும் ஏதோ கேட்டார்கள். முன்வரிசையில் சில கைகள் எழும்பின. இரண்டாவது தடவை! எங்கள் கைகளும் எழும்பின. பின்வரிசை முழுவதும், ஒன்று மிச்சமில்லாமல். என் சிநேகிதி மக்ரோனிக் கதையை நிறுத்தாமலே தூக்கினாள்.

தலைவர் முகம் மலர்ந்து போயிற்று. கை தட்டினார்கள். தேத்தண்ணிக்கு யாராவது கை தட்டுவார்களா? அப்போதாவது எங்களுக்கு யோசனை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"ரீச்சர், எங்கடை பிளேன்ரீ எங்கை?"

"தேத்தண்ணிக்கு நான் இன்னும் கேக்கேல்லையே."

"அப்ப இவ்வளவு நேரமும் என்னத்துக்குக் கை தூக்கிக்கொண்டு இருந்தனாங்கள்?"

ரீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொப்பியைப் பார்த்து வாசித்தார். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவர்கள் தை மாதம் முதலாம் திகதியிலிருந்து, அதாவது புது வருடத்திலிருந்து, ஒன்றியத்தில் அங்கத்தவராக இருக்க முடியாது. முதலில் மறுப்பவர்களைக் கேட்டது: எவருமில்லை. இரண்டாவதாக ஆதரிப்பவர்களைக் கேட்டது. ஏகமனதாக நிறைவேறியது.

அந்த அறையில் அந்தச் சட்டத்தில் விழுகிறவள் ஒருத்திதான். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல.

அந்த நேரமே எழும்பிச் சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை என்று ஒத்துக்கொள்ள எங்களுக்கு வெட்கம். தலைவருடைய சந்தோசத்தைக் கெடுக்கவும் வெட்கம். பிறகு தேத்தண்ணியும் வந்துவிட்டது. குடித்தோம்.

"பரவாயில்லை அக்கா," என்றாள் என் சிநேகிதி. "தை மாதத்துக்கு இன்னும் ஐஞ்சு புதன் கிடக்கு."

அந்த "ஐஞ்சு" எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அடுத்த கிழமை ரீச்சரிடம் போய் நின்று, அந்தப் பக்கத்தை வெட்டிவிட முடியாதா என்று கேட்டேன்.

"எழுதினதை வெட்டேலாது. அடுத்த கூட்டத்திலை ஆராவது எழும்பிப் பிழையெண்டு சொல்லவேணும்."

"ஆர் எழும்புறது?"

ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நாற்பது வருடம் வகுப்பறையில் பார்த்த பார்வை அது. நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தலைவரைத் தனியே பிடித்துச் சொல்வோம் என்று நினைத்தேன். கடவுள் புண்ணியத்தில் லிஃப்டில் நானும் அவரும் மட்டும். ஒன்பது மாடி. தாராளமாக நேரம் இருந்தது. மூன்றாம் மாடியில் நான் தொண்டையைச் செருமினேன்.

"குளிர் கூடிப்போச்சு," என்றேன்.

"ஓம் அக்கா."

ஏழாம் மாடியில் அவராகவே தொடங்கினார். "உங்கடை சிநேகிதியிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனுசி. ஆனால் ஒராளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும். அவவே கையைத் தூக்கினவ, பாத்தனீங்கள்தானே? எவ்வளவு பெரிய மனம்! எனக்கு வீட்டை போயும் அதே நினைப்புத்தான்."

அவர் அதை உண்மையாக நம்பினார். அவருக்குக் கண்கூடக் கலங்கியது. லிஃப்ட் கதவு திறந்தது. "பாத்து நடந்து போங்கோ, தரை ஈரம்" என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அதன் பிறகு வீட்டில் பயிற்சி எடுத்தேன். குசினியில் நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்குவேன். அதற்கு மேல் வராது. ஒரு தடவை வணக்கத்தைத் தாண்டி "நான் என்ன சொல்ல வந்தனான் எண்டால்" வரை வந்தேன். அந்த நேரம் பார்த்து பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அதற்கே பயந்துபோனேன். இப்படி ஒவ்வொரு புதனாகப் போய், மார்கழியின் கடைசிப் புதன் வந்தது. என் சிநேகிதி அன்றைக்கு அரியதரப் பலகாரம் செய்துகொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தாள், பிரியாவிடை மாதிரி. தலைவர் இரண்டு எடுத்தார்.

கூட்டம் முடிகிற நேரம் அவர் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். "வேறை ஏதும் விசயம் இருக்கோ? இல்லைத்தானே?"

நான் எழும்பினேன். எழும்பினேன் என்பதைவிட, முழங்கால் எழும்பியது, நானும் கூடப் போனேன் என்று சொல்லலாம். வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன்.

"நான் சீனிக்குத்தான் கை தூக்கினனான்."

"என்ன அக்கா சொல்லுறியள்?" என்றார் தலைவர்.

"போன மாதம். சட்டத்துக்கில்லை. சீனியில்லாத தேத்தண்ணிக்கு."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கதிரையில் இருந்துவிடுவோமா என்று நினைக்க, பின்வரிசையில் கடைசிக் கதிரை சத்தம் போட்டது. எழுந்து நின்றது தலைவருடைய மனைவி.

"நானும் அதுக்குத்தான் தூக்கினனான்."

தலைவர் திகைத்துப் போனார். "நீருமோ? உமக்கெங்கை சீனி வருத்தம்?"

"போன வருசத்திலையிருந்து கிடக்கு. உந்தப் போனைக் கீழை வைச்சிட்டுக் கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்புக்கு நடுவில் ஒருத்தர் பின் ஒருத்தராக, "நானும்", "நானுந்தான்", "எனக்கும் சீனிதான்" என்று பின்வரிசை முழுவதும் சொல்லிவிட்டது. என் சிநேகிதி மட்டும் மடியில் இருந்த அரியதர டப்பாவின் மூடியை இறுக்கி இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனிப் பொம்பிளையளின்ரை கையை நம்பேலாது" என்று முன்னால் ஒரு குரல் கேட்டது.

தலைவர் கையைக் காட்டி அமைதிப்படுத்தினார். "சரி. பிழை நடந்திட்டுது. இப்ப எல்லாரும் வடிவாய்க் கேட்டு, திரும்பக் கையைத் தூக்குங்கோ."

முன்வரிசை ஆண்கள் எல்லாரும் கதிரையைத் திருப்பி எங்களைப் பார்த்தார்கள். தத்தமது வீட்டுக்காரி எந்தக் கையை எப்போது தூக்குகிறாள் என்று பார்க்கத் தயாராக இருந்தார்கள். எங்கள் பக்கம் கைகள் மடியில் ஒளிந்துகொண்டன. எனக்கு விளங்கிவிட்டது: இது போன தடவையைவிட மோசமாகப் போகும். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன், கதிரையில் இருக்க மறந்துவிட்டேன்.

"கை வேண்டாம்," என்றேன். "பேப்பரிலை எழுதிப் போடுவம்."

இந்த நாட்டில் குடியுரிமை எடுத்தபிறகு நான் முதன்முதல் வாக்குப்போடப் போன நாள் எனக்கு நல்ல ஞாபகம். என் வீட்டுக்காரர் அப்போது இருந்தார். யாருக்குப் போட வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே போனால் மேசையில் ஒரு காட்போட் மட்டையை மடித்து நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பென்சில். அவ்வளவுதான். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வர முடியாது. வெட்கப்படுகிற ஆட்களுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஒழுங்கு என்று நினைத்தேன். அவர் சொன்ன ஆளுக்குத்தான் போட்டேனா என்பது எனக்கும் அந்தப் பென்சிலுக்கும்தான் தெரியும். கேட்டதற்கு "ஓம் ஓம்" என்று சொன்னேன்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் போய்விட்டது, புது வருடத்தில் பார்க்கலாம் என்றார். புது வருடத்தில் பார்த்தால் என் சிநேகிதி அறைக்கு வெளியே நிற்பாள்.

"பேப்பர் கிழிக்க எவ்வளவு நேரம்?" என்றார் அவர் மனைவி. சொல்லிக்கொண்டே கிழிக்கவும் தொடங்கிவிட்டார்.

கடதாசிக் கப் வந்த காட்போட் பெட்டியை வெட்டி மேசையில் நிறுத்தினோம். வாக்குப் பெட்டிக்கு ரைஸ் குக்கரின் உட்பானை, மூடியோடு. சட்டம் வேண்டுமென்றால் "ஓம்", வேண்டாமென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். என் சிநேகிதி எழும்பியபோது ஒருவர், இவவும் போடலாமோ என்று கேட்டார். "தை முதலாம் திகதி வரைக்கும் அவ அங்கத்தவர். உங்கடை சட்டத்திலைதான் அப்பிடிக் கிடக்கு" என்றார் ரீச்சர். மட்டைக்குப் பின்னால் போனவர்கள் ஒவ்வொருவரும் எழுத எடுத்த நேரத்தைப் பார்த்தால், ஒரு சொல் எழுதுகிறார்களா, ஊருக்குக் கடிதம் எழுதுகிறார்களா என்று சந்தேகமாக இருந்தது.

எண்ணுவதற்கு ரீச்சரும் தலைவரும் போனார்கள். பிடிவாதம் பிடித்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அறையை ஒட்டிய குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினோம். "இல்லை" பதினேழு. "ஓம்" பதினொன்று. ஒன்றில் மட்டும் "இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது" என்று வடிவான எழுத்தில் எழுதியிருந்தது. அதைச் செல்லாது என்று வைத்தோம். எழுதியவர் மகா நல்லவராக இருக்க வேண்டும்.

பதினேழைப் பார்த்து எனக்கு வந்த சந்தோசம் பதினொன்றைப் பார்த்ததும் பாதியில் நின்றது. கைகள் தவறுதலாக எழும்பின என்று சொல்லிச் சிரித்தோம். இந்தப் பதினொன்றும் தவறுதல் இல்லை. யோசித்து, மட்டைக்குப் பின்னால் தனியே நின்று, எழுத்துக் கூட்டி எழுதியது. பின்வரிசைக் கையெழுத்தும் அதில் இருந்திருக்கும். சற்று முன்னர் "நானுந்தான்" என்று எழும்பியவர்களில் ஒன்றிரண்டு பேரும் இருக்கலாம்.

தலைவர் மெல்லச் சொன்னார். "எத்தினை எண்டு வெளியிலை சொல்லவேண்டாம். முடிவை மட்டும் சொல்லுவம். அந்தப் பிள்ளைக்கு மனம் நோகும்."

அவர் அவளைப் பிள்ளை என்று சொன்னதை நான் கவனித்தேன். பிறகு வெளியே போய், குரலைக் கொஞ்சம் இறக்கி, ஆனால் ஒரு சொல்லும் மாற்றாமல், சட்டம் தோற்றுவிட்டது என்று அறிவித்தார். அவருடைய போனில் மேசை குத்துகிற ஆட்களில் சிலர் தோற்ற நாளில் என்ன செய்தார்கள் என்று செய்தியில் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் தலைவர் தங்கம். இரண்டு கிழமை எனக்குக் காலை வணக்கம் சொல்கிற பூப்படங்கள் மட்டும் அனுப்பினார். மூன்றாம் கிழமை மேசைக் குத்து திரும்பத் தொடங்கியது. புது வருடத்திலிருந்து கூட்டக் குறிப்பும் வாசிக்கிறார்கள். பிங்கோ குறைந்துபோனதில் இரண்டு பேர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அன்றைக்கு அறையைக் கூட்டி ஒதுக்கிவிட்டு என் சிநேகிதியோடு பஸ் தரிப்பு வரை போனேன். பனி காலடியில் நொறுங்கியது. அவள் தரிப்பில் நின்ற பிறகுதான் கேட்டாள்.

"எத்தினை பேர் அக்கா?"

"என்னது எத்தினை?"

"என்னை வேண்டாமெண்டு போட்டது."

"உம்மை வேண்டாமெண்டு ஒருத்தரும் போடேல்லை. சட்டம் வேணுமெண்டு போட்டது."

"அதுதான். எத்தினை?"

சொல்ல வேண்டாம் என்றுதான் தலைவர் கேட்டிருந்தார், அதுவும் நல்ல மனதோடு. ஆனால் இவ்வளவு நாளும் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது எல்லாமே நல்ல மனதோடுதான். எழும்பி நின்று பேசியதைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பதினொண்டு."

அவள் தூரத்தில் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். மூக்கைத் துடைத்தாள். குளிருக்கு எல்லாருக்கும் மூக்கு ஓடும்.

"பதினொண்டுதானோ," என்றாள். "நான் இருபது எண்டு நினைச்சிருந்தன்."

பிறகு கையுறைக்குள்ளேயே விரல் மடிக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் ஒன்று, இரண்டு. எங்கள் பக்கத்தில் ஒன்று. நான்காவது விரலில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எண்ணாதையும்."

"ஏன்?"

"எண்ணத் தொடங்கினால் வீட்டை போறதுக்கிடையிலை முப்பதும் வந்திடும். என்னையும் சேர்த்து."

சிரித்தாள். பஸ் வந்து கதவைத் திறந்தது. அவள் கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினாள்.

"அடுத்த புதன் வருவீர்தானே?" என்று கேட்டேன்.

படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "வராமல்? அந்தப் பதினொரு பேரும் என்னைப் பாக்க வேண்டாமோ?"